முகப்புக்கு ஒன்றும் ஆகவில்லை

பன்னிரண்டு பேர் காதிலும் சின்ன ரிசீவரைச் சொருகிவிட்டு, "கேக்குதா, கேக்குதா?" என்று காலர் மைக்கில் மூன்று தடவை கேட்டு, பன்னிரண்டு தலைகளும் ஆடியதைப் பார்த்த பிறகும் செலினுக்கு வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். வார நாட்களில் கால் வைக்க இடமில்லாத ஜார்ஜ் டவுன் தெருவில் இரண்டு நாய்களும் ஒரு டீக்கடையும் மட்டும் விழித்திருந்தன. முதல் வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. பதினோரு வருடமாக, மாதம் தவறாமல் இரண்டாவது ஞாயிறு, இதே டீக்கடை வாசலில் நின்று சொல்லும் வாக்கியம்: 'கடலைப் பார்த்துப் பிறந்த ஊர் இது, ஆனால் நாம் இன்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கப் போகிறோம்.' அதைச் சொன்னால் கூட்டம் லேசாகச் சிரிக்கும். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு வாக்கியம் வந்து வழியை மறித்துக்கொண்டு, நகரமாட்டேன் என்று நின்றது. முகப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அமர்நாத் கைப்பேசிக் குழுவில் போட்ட செய்தி. பழைய கட்டடங்களை நடந்து காட்டும் இந்த நகர்நடை ஏற்பாடெல்லாம் அமர்நாத்துடையது. நல்ல பையன், நாற்பது வயதானாலும் பையன்தான், எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிடுவான். '38-ல் கூடத்துச் சீலிங் கொஞ்சம் விழுந்திருக்கு. அந்தம்மாவுக்குத் தோள்பட்டையில் அடி, கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. முகப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு அந்த நிறுத்தத்தை மட்டும் தாண்டிடுங்க செலின் மேடம்.' கீழே பத்தொன்பது கும்பிடும் கைகள். இருபதாவது செலினுடையது. அவளும்தான் கும்பிட்டுவிட்டுத் தூங்கப் போனாள். அதாவது, போய்ப் படுத்தாள்.

தாண்டிவிடுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஏழு நிறுத்தம், அதில் ஐந்தாவதை விட்டால் ஆறு; யார் எண்ணப் போகிறார்கள்? நாலாவது நிறுத்தமான பழைய கிடங்கைப் பார்த்துவிட்டு வலது பக்கம் அரிதாச முதலி சந்துக்குள் திரும்பாமல் இடது பக்கம் திரும்பினால் நேரே ஆறாவதுக்குப் போய்விடலாம், பத்து நிமிடம் மிச்சம், வெயிலும் ஏறியிருக்காது. இப்படி நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள். இங்கே வந்து இறங்கினால், எல்லார் கையிலும் வழவழவென்று ஒரு மடிப்புத்தாள், அதன் அட்டையில் பளிச்சென்று 38-ம் எண் வீடு. வண்ணக் கண்ணாடி பதித்த மூன்று வளைவுகள், இரும்புக் கொடி பின்னிய பால்கனி, உச்சியில் சுதையால் செய்த இரண்டு கிளிகள், கிளிகளுக்கு நடுவில் 1908. மேலே செலினின் பெயர், முனைவர் பட்டத்தோடு. கண்ணைக் குத்துகிற மாதிரி நல்ல படம். "மேடம், இந்தக் கிளி வீடு எத்தனாவது? நான் தாம்பரத்துலருந்து மொத வண்டி புடிச்சு இதுக்காகத்தான் வந்தேன்" என்றார் தொப்பி போட்ட ஒருவர். பெயர் கோதண்டமாம், பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவராம், அதை யாரும் கேட்காமலே சொன்னார். "ஐந்தாவது" என்று செலினின் வாய் சொல்லிவிட்டது. வாய்க்கு என்ன, அது சொல்லும். பதினோரு வருடத்தில் செக்கு மாடு மாதிரி பழகிவிட்டது, கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தந்த இடத்தில் நின்று அந்தந்தச் சொல்லைச் சொல்லும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடல், முதுகு என்று தொடங்கினாள். கூட்டம் லேசாகச் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒரு கணம் புரியாமல் திடுக்கிட்டாள்.

அந்த மே மாதத்தை நினைக்காமல் இருக்கலாம் என்றால் அதுதான் முதலில் வருகிறது. பன்னிரண்டு வருடம் இருக்கும். இந்தப் பகுதியில் எந்தெந்தப் பழைய வீட்டை இடிக்கக்கூடாது, மாற்றக்கூடாது என்று பட்டியல் எடுக்க ஒரு குழு போட்டார்கள். மூன்று நாளில் முடிக்கச் சொன்னார்கள். வந்த நாலு பேரில் ஒருத்திக்கு அம்மை, ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான். செலினுக்கு ஒரே நாளில் நாற்பத்திரண்டு வீடு. அட்டைப் பலகையில் செருகிய படிவம், ஒரு வீட்டுக்கு ஒரு தாள், எதிர்ச் சாரியில் நின்று முகப்பைப் பார்க்க வேண்டியது, படம் எடுக்க வேண்டியது, கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டியது. கட்டிய ஆண்டு. பாணி. சிறப்புக்கூறுகள். கடைசிக் கட்டம், நிலை. நன்று, சுமார், மோசம், மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். 38-ம் எண்ணுக்கு வந்தபோது பகல் ஒன்றரை மணி, தலைக்குள் எண்ணெய் கொதிக்கிற வெயில், ஆனாலும் அந்தக் கிளிகளைப் பார்த்ததும் அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை, கலங்கத்தான் செய்தது. யாரோ ஒரு கொத்தனார், பெயர் தெரியாதவர், ஒரு கிளியின் கழுத்தை மட்டும் சற்றே திருப்பி வைத்திருந்தார், பக்கத்துக் கிளி ஏதோ சொன்னதைக் கேட்பதுபோல. அப்போது கீழ்ச் சன்னலிலிருந்து ஒரு பெண்குரல்: "வெயில்ல நிக்கறியேம்மா. உள்ள வந்து பாக்கறது. தண்ணி குடிச்சிட்டுப் போ." செலின் நிமிராமலே, "வேணாங்க, வெளியில பாத்தாலே போதும்" என்றாள். நன்றாக நினைவிருக்கிறது, நிமிரக்கூட இல்லை. இன்னும் பதினேழு வீடு பாக்கி. வெளியில் ஒரு விரிசல் இல்லை, ஒரு கறை இல்லை. நன்று. டிக். அன்றைக்கு நாற்பத்திரண்டுக்கும் நன்று. பேனாவுக்கு அது பழகிவிட்டது.

தப்பா அது? அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தெருவில் நின்று பார்ப்பதுதான் முறை என்று படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. நன்று என்று எழுதாமல் மோசம் என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மோசமா, சரி இடி, என்று மறுநாளே கடப்பாரையோடு வந்திருப்பார்கள். நாற்பத்திரண்டில் இன்று முப்பத்தொன்று நிற்கின்றன என்றால் அந்த டிக்கினால்தான் நிற்கின்றன. இதை அவள் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறாள், கைதட்டலும் வாங்கியிருக்கிறாள், இப்போதும் இரண்டாவது நிறுத்தத்தில் தூண்களைக் காட்டிக்கொண்டே தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அசைக்க முடியாத வாதம்தான். ஆனாலும் அது முடிகிற இடத்தில் அந்தச் சன்னல் குரல் வந்து, தண்ணி குடிச்சிட்டுப் போ என்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுப்பு காலில். பஸ் இறங்கியதிலிருந்து செருப்புக்குள் ஒரு பொடிக்கல் இருப்பதுபோலவே இருந்தது, இரண்டு தடவை கழற்றி உதறிவிட்டாள், ஒன்றுமில்லை.

மூன்றாவது நிறுத்தத்தில் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லாருக்கும் பிடித்த நிறுத்தம் இது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு, அதையெல்லாம் நாள்கணக்கில் அரைத்து அரைத்து வெண்ணெய்போல எடுத்து, கண்ணாடி மாதிரி இழைத்திருக்கிறார்கள், தொட்டுப் பாருங்கள். எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண் கன்னத்தை வைத்துப் பார்த்தாள், ஐயோ என்ன குளிர்ச்சி என்றாள். வாய் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தை எப்படிப் போட்டார்கள் தெரியுமா, மெட்ராஸ் டெரஸ் என்று பேர், வரிசையாகத் தேக்கு உத்தரங்கள், அதன் மேல் மெல்லிய செங்கல்லை நிமிர்த்தி நெருக்கிச் சொருகி, மேலே சுண்ணாம்புக் கலவையைப் போட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகையால் தட்டுவார்கள், ஒரு வாரம் தட்டுவார்கள். கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது, நூறு வருடம் நிற்கும். "தண்ணி எறங்காம இருந்தா" என்றார் கோதண்டம். "ஆமாம், தண்ணீர் இறங்காமல் இருந்தால்" என்றாள் செலின். இறங்கினால் உத்தரத்தின் சுவருக்குள் இருக்கும் முனை முதலில் உளுத்துப்போகும், அது வெளியில் தெரியாது, உள்ளேயிருந்து பார்த்தாலும் லேசில் தெரியாது, தட்டிப் பார்த்தால்தான் தெரியும். இதை அவள் சொல்லவில்லை. வகுப்பில் சொல்வாள். மூன்றாம் வருட மாணவர்களுக்கு இது தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி.

ஒழுகுகிற வீடு அவளுக்குத் தெரியாததா? பொன்மலையில், ரயில்வே குடியிருப்பில், ஐப்பசி மாதம் அம்மா அலுமினியத் தட்டு ஒன்று, சோற்றுப் பானை ஒன்று, தம்பியின் பல்தேய்க்கிற குவளை ஒன்று என்று வரிசையாக வைப்பாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம், தட்டுக்கு டங், பானைக்கு டொப். எல்லாரும் ஒழுகாத ஒரே மூலையில் காலை மடக்கிக்கொண்டு படுப்பார்கள். அப்பா மேலதிகாரிக்கு எழுதிப் போட்டார். ஆள் வந்தான். வாசலில் நின்று பார்த்தான். நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனான். அவன் சைக்கிளில் ஏறிய விதம், பேண்டில் கிளிப் மாட்டிக்கொண்ட விதம் எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன்மேல் அன்றைக்கு எட்டு வயதுச் செலினுக்கு இருந்த ஆத்திரத்துக்கு அவன் சைக்கிள் எரிந்திருக்க வேண்டும். இப்போது அவள் இருப்பது நகரத்துக்கு வெளியே பதினோராவது மாடியில், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத கான்கிரீட் அடுக்ககம். பழைய வீட்டின் அருமையைப் பற்றி இரண்டு புத்தகம் அங்கே உட்கார்ந்துதான் எழுதினாள். ஊருக்குத்தான் உபதேசம். அமர்நாத்கூட ஒரு தடவை கிண்டலாகக் கேட்டான், மேடம் நீங்க ஏன் ஒரு பழைய வீட்டுல குடியிருக்கக் கூடாது என்று. தண்ணீர் லாரி, பார்க்கிங் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். சைக்கிள்காரனும் வீட்டுக்குப் போய் ஒழுகாத கூரைக்குக் கீழேதான் படுத்திருப்பான்.

கிடங்கை நோக்கி நடக்கும்போது அந்த மேடை வந்துவிட்டது. வரக்கூடாது என்று காலையிலிருந்து கதவைச் சாத்தி வைத்திருந்த நினைவு. இரண்டு வருடத்துக்கு முன்னால், மயிலாப்பூரில் ஓர் அரங்கு, 'நம் வீடுகள், நம் முகங்கள்' என்று தலைப்பு, குளிர்சாதனம், பட்டுப்புடவைகள். பேசி முடித்ததும் கேள்வி நேரம். கடைசி வரிசையில், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் எழுந்து நின்றாள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒழுகுதும்மா. மேல்தளத்தை மாத்திக்கறோம்னு எழுதிக் குடுத்தோம். வீடு நல்லா கீதுன்னு எழுதியிருக்காம், அதனால மாத்தக்கூடாதாம். பழையபடி சுண்ணாம்பு போட ஆளும் கெடைக்கல, கெடைச்சாலும் அவ்வளவுக்கு எங்களால முடியாது. இன்னா பண்றது?" என்றாள். அரங்கில் ஒரு சிரிப்பு, கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை ஏதோ சொன்னால் வருகிற சிரிப்பு. செலின் என்ன செய்தாள்? அழகாகப் பதில் சொன்னாள். "ஒழுகுவது வீட்டின் குற்றமில்லை அம்மா. வீடு நம்மிடம் பேசுகிறது, நாம்தான் காது கொடுப்பதில்லை." என்ன கைதட்டல்! அரை நிமிடம் நிற்கவில்லை. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அந்த அம்மாள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். யாரென்று தெரியாது என்றுதான் செலின் அன்றைக்கும் நினைத்துக்கொண்டாள், நேற்றும் நினைத்துக்கொண்டாள். தெரியாது. வயதான ஓர் அம்மாள், எத்தனையோ பேர் கேட்கிறார்கள். தெரியாதா? அந்தக் குரல் தெரியாதா? மாதாமாதம் அந்த வாசலில் நிற்கிறவளுக்கு? மைக்கில் முதல் வார்த்தை வந்தபோதே தெரிந்துவிட்டது. சம்பூர்ணம், 38-ம் எண். தெரிந்த அந்தக் கணத்தில்தான் அவ்வளவு அழகான வாக்கியம் வாயில் வந்தது. அதுதான் மன்னிக்க முடியாமல் இருக்கிறது. திணறியிருந்தால்கூடப் பரவாயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு திறமை வேண்டும், அது தனக்கு இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்கு அடுத்த மாதமும் அவள் கூட்டத்தோடு அந்தச் சந்துக்குப் போனாள். சம்பூர்ணம் சன்னலைச் சாத்திக்கொள்ளவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும்போலக் கொடியில் துணி இல்லை. இந்தத் துணி விஷயத்தை வேறு செலின் எல்லாக் கூட்டத்திலும் பெருமையாகச் சொல்வாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை, பால்கனி நிறையப் புடவையும் லுங்கியும் காய்ந்துகொண்டிருந்ததால் யாருக்கும் படம் சரியாக வரவில்லை. செலின் கீழே நின்று, "அம்மா, நாங்க வர்ற அன்னைக்கு மட்டும் துணிய எடுத்துட்டா நல்லாருக்கும்" என்று கேட்டுவைத்தாள். ஒரு தடவைதான் கேட்டாள். அதிலிருந்து இரண்டாவது ஞாயிறு ஏழேகால் ஆனால் அந்தப் பால்கனி துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். 'இந்த வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் வீட்டின் மதிப்புத் தெரிந்திருக்கிறது' என்று சொல்வாள். அப்புறம் அந்த இருமல். 'நூற்றுப் பதினாறு வருடம், ஒரு விரிசல் உண்டா, பாருங்கள்' என்று அவள் சொல்லும்போதெல்லாம் சொல்லிவைத்ததுபோல உள்ளேயிருந்து ஓர் ஆண் இருமல் வரும். கூட்டம் சிரிக்கும், அவளும் சிரிப்பாள். 'வீடே ஆமாம் என்கிறது' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தாள், நாலைந்து வருடமாக. இருமுகிறவர் யார் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது, அதுவும் அமர்நாத் தனியாக அனுப்பிய குரல்செய்தியில்: அவள் புருஷன், உமாபதியாம், வாதத்தில் படுத்துப் பல வருடமாம், கூடத்தில்தான் கட்டிலாம். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மேலே ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்ததாம். அந்த அம்மாள் எழுந்து ஓடவில்லை, அவர்மேல் குனிந்துகொண்டாளாம். தோளில் விழுந்ததாம்.

கிடங்கு. நாலாவது நிறுத்தம். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது, ஆனால் தலைகள் ஆடின, படங்கள் எடுக்கப்பட்டன. பிறகு தெருமுனை. வலது, இடது. அமர்நாத்தின் பெயர் கைப்பேசியில் துடித்தது. அவள் மைக்கை அணைத்துவிட்டுப் பேசினாள். அணைக்க மறக்கமாட்டாள், போன மாதம் அணைக்க மறந்து ஓர் ஆட்டோக்காரனோடு போட்ட சண்டை பத்துப் பேர் காதிலும் பச்சையாக விழுந்திருக்கிறது, அதிலிருந்து கை தானாகக் காலருக்குப் போகிறது. "மேடம், தாண்டிட்டீங்கதானே? அங்க போனா யாராவது படம் எடுத்துப் போடுவாங்க. பட்டியல்ல நன்று, உள்ள போனா இடிஞ்சு கெடக்குன்னு ஒருத்தன் எழுதினா போதும், மொத்தப் பட்டியலும் பொய்யுன்னு ஆயிடும். முப்பத்தொரு வீடு மேடம். மூணு வீட்ட வாங்கி இடிக்க ஆள் அட்வான்ஸோட காத்துக்கிட்டு இருக்காங்க." அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. "தெரியும் அமர்" என்று வைத்துவிட்டு மைக்கைப் போட்டாள். பயமாக இருந்தது, வெளிப்படையாகவே பயம். இருபது வருட உழைப்பு ஒரு டிக்கின் மேல் நிற்கிறது, அந்த டிக் முனை உளுத்த உத்தரம். இடது பக்கம் போகலாம். நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். கோதண்டம் தாம்பரத்துக்குப் போய்க் குறை சொல்வார், சொல்லட்டுமே. இடதுதான். நிச்சயமாக இடதுதான். ஆனால் செக்கு மாட்டைச் சொல்லிப் பயனில்லை. பதினோரு வருடம் வலது பக்கம் திரும்பிய கால் வலது பக்கம் திரும்பிவிட்டது, பின்னால் பன்னிரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். இப்படித்தான் அவள் அப்புறம் எல்லாரிடமும் சொன்னாள், கால் பழக்கம் என்று. கால்மேல் பழியைப் போடுவது அவளுக்கு வசதியாக இருந்தது. திரும்புமுன் அவள் ஒரு வினாடி நின்றாள், அது அவளுக்குத் தெரியும்.

சந்துக்குள் வெயில் இன்னும் இறங்கவில்லை. கிளிகள்மேல் மட்டும் விழுந்திருந்தது. ஆகா என்று யாரோ சொன்னார்கள். வண்ணக் கண்ணாடி, இரும்புக் கொடி, 1908, எல்லாம் அட்டைப்படத்தில் இருப்பதுபோலவே இருந்தன. அமர்நாத் சொன்னது சரி, முகப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல் இல்லை. செலினின் வாய் தொடங்கிக்கூட விட்டது, "இப்போது நாம் பார்ப்பது" என்று. அதற்குள் பால்கனியில் ஏதோ அசைந்தது. சம்பூர்ணம். இடது கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. வலது கையால் கொடியிலிருந்து ஒரு புடவையை இழுத்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை, ஒரு முனையை இழுத்தால் மறுமுனை சிக்கிக்கொண்டது, அதை வாயில் கவ்விக்கொண்டு, ஒற்றைக் கையால் சுருட்டி, மறுபடி இழுத்தாள். ஏற்கெனவே எடுத்த துணிகள் தோள்மேல், அடிபடாத தோள்மேல், குவியலாகக் கிடந்தன. கீழே கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயிலிருந்து புடவையை எடுத்துவிட்டு, "வந்துட்டீங்களா டீச்சர்? ரெண்டாவது ஞாயிறுன்னு ஞாபகம் இருந்திச்சி, ஒரு கையால முடியல, லேட்டாப் பூடுச்சி. ரெண்டு நிமிசம் நில்லுங்க. இது ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

செலினுக்கு வந்தது அழுகைதான், வேறு பேர் வைக்க வேண்டியதில்லை. "வேணாம்மா" என்றாள். "துணி இருக்கட்டும். இருக்கட்டும்மா. நான் உள்ள வரலாமா?" பன்னிரண்டு பேர் காதிலும் அது கேட்டது. மேலே சம்பூர்ணம் புடவையைப் பிடித்தபடி நின்றாள், சரியாகக் கேட்டதா என்பதுபோல. "உள்ளயா?" "ஆமாம்மா. உள்ள." "வாங்க. கதவு தொறந்துதான் கீது. செருப்பைக் கழட்டாதீங்க, கால்ல குத்தும்." கை தானாகக் காலருக்குப் போனது, மைக்கை அணைக்க. விரல் பொத்தான்மேல் இருந்தது. முப்பத்தொரு வீடு. சைக்கிள்காரன் பேண்டில் கிளிப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அவள் விரலை எடுத்துக்கொண்டு படி ஏறினாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வாசலைத் தாண்டினாள். மொத்தம் மூன்று படி.

உள்ளே நனைந்த சுண்ணாம்பு வாடை. கூடத்து நடுவில் செங்கல்லும் காரையும் குவித்து வைத்திருந்தது, மேலே மொட்டைமாடித் தளத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதில் நீலத் தார்ப்பாய், தார்ப்பாயின் வழியாக எல்லாமே நீலமாகத் தெரிந்தது. கட்டிலைச் சன்னலோரமாக நகர்த்தியிருந்தார்கள். அதில் ஒல்லியாக ஒருவர், அவளைப் பார்த்ததும் இருமினார். அந்த இருமல்.

"வாங்க டீச்சர்" என்றார் உமாபதி. பேச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது. "கொரலைக் கேட்டுக் கேட்டு ஆளு ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சம்பூர்ணம் துணிக் குவியலோடு மாடிப்படியில் இறங்கி வந்து நின்றாள்.

"மாசா மாசம் கேப்பேன்" என்றார் அவர். "எனக்கு மனப்பாடம். நூத்திப் பதினாறு வருசம், ஒரு விரிசல் உண்டா, பாருங்கள். நல்லா சொல்வீங்க. மேல சொட்டிக்கினு இருக்கும், கீழ நான் அதக் கேட்டுக்கினு படுத்திருப்பேன். நெஜமாவே நம்ம வூடு நல்லாத்தான் இருக்குதோன்னு தோணும்." மூச்சு வாங்கினார். கிண்டலா, ஆசையா என்று முகத்தில் தெரியவில்லை, முகத்தில் பாதிதான் அசைந்தது. "ஒரே ஒரு தபா இங்க நின்னு சொல்லுங்களேன். மேல பாத்துக்கினு."

செலின் ஓட்டைக்கு நேர் கீழே போய் நின்று மேலே பார்த்தாள். ஏழு உத்தரம். ஒன்று முறிந்து தொங்கியது. பக்கத்தில் இரண்டின் முனை சுவரோரம் கறுத்து, தூள் தூளாக, வகுப்பில் படம் போட்டுக் காட்டுவதைப் போலவே இருந்தது. ஐந்து மதிப்பெண். சன்னல் வழியாகத் தெருவில் பன்னிரண்டு முகங்கள் தெரிந்தன, இன்னும் கிளிகளையே பார்த்துக்கொண்டு.

"எல்லாருக்கும் கேக்குதா?" என்றாள். "நான் உள்ள நிக்கறேன். இந்த வீட்டோட நிலை நன்றுன்னு எழுதினது நான்தான். உள்ள வராம எழுதினேன். தண்ணி குடிச்சிட்டுப் போன்னு கூப்பிட்டாங்க, அப்பவும் வரல. அன்னைக்கு நாப்பத்திரண்டு வீடு எழுதினேன், ஒண்ணுக்குள்ளயும் போகல. இது மோசம். இந்தத் தளம் ரொம்ப மோசமா இருக்கு. அந்த முப்பதுக்குள்ளயும் இனிமேதான் போகணும்."

முகங்கள் கிளிகளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிச் சன்னலுக்கு வந்தன. கோதண்டம் தொப்பியைக் கழற்றினார். பையில் கைப்பேசி துடிக்கத் தொடங்கியது, நிற்காமல் துடித்தது. அவள் எடுக்கவில்லை. மேலே பார்த்தபடியே, வாயில் ஒரு நல்ல வாக்கியம்கூட இல்லாமல் நின்றாள். உத்தரத்திலிருந்து கொஞ்சம் பொடி உதிர்ந்து அவள் தலைமேல் விழுந்தது.

சம்பூர்ணம் துணிகளை அப்படியே தரையில் போட்டாள். நல்ல கையால் செலினின் முழங்கையைப் பிடித்து, குழந்தையை இழுப்பதுபோல வெடுக்கென்று இழுத்தாள்.

"அங்க நிக்காதீங்க டீச்சர். இப்படி ஓரமா வாங்க. அது எப்ப வேணா வுழும்."